மெதுவாக ஓடும் நீரில்



கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் நான் மூன்று வார விடுப்பில் சென்று திரும்பியபோது, ஆலய வாசலில் உங்களில் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஐயரே, அமெரிக்காவில் எத்தனை கூட்டங்களில் செய்தி கொடுத்தீர்கள்?" ஒரு சிறு சபையில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, என்று பதில் சொன்னேன். அது உண்மை. ஆனால் அந்தப் பயணத்தில் நான் கொடுத்த செய்தி ஒன்றும் இப்போது என் நினைவில் இல்லை. நினைவில் நிற்பது ஒரு படகில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த இரண்டு நாள்கள்தான். அதை எழுதலாமா என்று பல மாதங்கள் தயங்கினேன். எங்கள் குடும்பக் காரியம் அதில் கலந்திருக்கிறது. எழுதுங்கள் என்று என் மனைவியும் மகனும் சொன்ன பிறகே இதைத் தொடங்குகிறேன்.

இறையியல் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர், விடுதியில் என் அறைத்தோழர், இப்போது மொன்டானா மாநிலத்தில் ஒரு சிறிய சபையின் போதகராக இருக்கிறார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக நான் அவரை அண்ணாச்சி என்றும் அவர் என்னைத் தம்பி என்றும்தான் அழைத்துக்கொள்கிறோம். அவருடைய அழைப்பின்பேரில்தான் சென்றேன். "இரண்டு ஞாயிறு பிரசங்கம் செய்; நடுவில் இரண்டு நாள் என்னோடு மீன் பிடிக்க வா" என்பதே ஒப்பந்தம். மீன் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே ஆறு, நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாதபடி இருக்கும். பள்ளி விடுமுறையில் நானும் என் தம்பியும் அங்கே மூங்கில் கழியும் தங்கூசியும் தக்கையும் எடுத்துக்கொண்டு போவோம். மண்புழுவைக் கோத்துக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் காத்திருப்போம். எனக்குப் பொறுமை கிடையாது; கால் மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுவேன். அவன் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஒரு கோடையில் வாய்க்கால் மதகருகே முழங்கை நீள விரால் ஒன்று அகப்பட்டது. "என் மூத்தவன் பிடித்தது" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இன்றும் காதில் கேட்கிறது.

அண்ணாச்சி என்னை அழைத்துப் போனது மிசூரி ஆற்றுக்கு. மொன்டானாவின் தென்பகுதியில் ஜெஃபர்சன், மாடிசன், கலட்டின் என்ற மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் அது பிறக்கிறது. பிறகு 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே மிசிசிப்பியில் கலக்கிறது. தொடக்கத்தில் உள்ள ஹெலினா நகரத்தின் பக்கத்தில் அதன் குறுக்கே மூன்று அணைகள். நடு அணையை முதலில் இரும்பினால் கட்டினார்களாம். 1907இல் முடித்தார்கள், 1908 ஏப்ரலில் உடைந்தது. 1911இல் கான்கிரீட்டினால் மறுபடியும் கட்டினார்கள். மூன்றாவதான ஹோல்ட்டர் அணை 1918இல் முடிந்தது. அதற்குக் கீழே கிரெய்க் என்ற சிற்றூரைக் கடந்து காஸ்கேட் என்ற ஊர்வரை, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தூரம், ஆறு பரந்து, தட்டையாக, சத்தமின்றிப் போகிறது. மலைநாட்டு ஆறு என்றவுடன் பாறையில் மோதி நுரைத்து இரையும் நீரை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம்தான். அக்கரையில் நிற்கும் மாடு ஆட்டைப்போல் தெரியும் அகலம். நடுவிலே நீளமான நீர்ப்பாசி, மயிரைக் கோதிவிட்டதுபோல் ஒரே திசையில் படிந்து கிடக்கிறது. அதைப் பார்த்தால்தான் நீர் நகர்வது தெரிகிறது.

அங்கே பிடிக்கும் மீனுக்கு டிரவுட் என்று பெயர். குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே பிழைக்கும். ஆங்கிலேயர் காலத்தில் நம் நீலகிரி ஓடைகளிலும் இதைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் இதற்கென ஒரு பொரிப்பகம் உண்டு. மிசூரியில் 1805ஆம் ஆண்டு லூயிஸ், கிளார்க் என்பவர்களின் பயணக்குழு வந்தபோது, ஜூன் 13ஆம் நாள் பெரிய நீர்வீழ்ச்சியின் அடியில் குட்ரிச் என்ற வீரர் ஆறு டிரவுட் மீன்களைப் பிடித்தார். அவை தாடையின்கீழ் சிவப்புக் கீற்று உள்ள, அந்த மண்ணுக்கே உரிய இனம். இன்று நாங்கள் போன பகுதியில் பெரும்பாலும் இருப்பவை வேறு. வானவில் நிறக் கோடு உடையவை பசிபிக் கடலோரத்து ஆறுகளிலிருந்து வந்தவை. பழுப்பு நிறத்தவை, 1883இல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் முட்டைகளாக அமெரிக்காவுக்கு வந்தவற்றின் வழிவந்தவை. "தம்பி, இந்தப் படகில் இருக்கும் நாமும், படகின் அடியில் இருக்கும் மீனும், எல்லாருமே பரதேசிகள்" என்று அண்ணாச்சி சிரித்தார்.

தூண்டிலும் நம் ஊர்த் தூண்டில் அல்ல. நாம் ஈயக்குண்டின் எடையால் தூண்டிலை எறிகிறோம். அங்கே குண்டு கிடையாது. எடையெல்லாம் தடித்த கயிற்றிலேயே இருக்கிறது. அந்தக் கயிற்றைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசி நீரின்மேல் படியவிட வேண்டும். அதன் நுனியில் இரண்டு ஆள் நீளத்துக்குத் தலைமுடியைப்போல் மெல்லிய நரம்பு. நரம்பின் முனையில், அரிசி மணியளவே உள்ள முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அதற்கு வாசனை இல்லை, சுவை இல்லை. மீன் அதைக் கண்ணால் மட்டுமே பார்த்து நம்ப வேண்டும்.

இங்கேதான் நான் அறியாத ஒன்றை அண்ணாச்சி எனக்குச் சொல்லித் தந்தார். வேகமான ஓடையில் மீன் பிடிப்பது சுலபமாம். அங்கே பூச்சி ஒரு கணம் தெரியும், மறுகணம் போய்விடும். எடுப்பதா விடுவதா என்று மீன் யோசிக்க நேரமில்லை. பசியுள்ள மீன் பாய்ந்து கவ்விவிடும். மெதுவான ஆற்றில் அப்படி இல்லை. மீன் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து ஒரே இடத்தில் நிற்கிறது. வருவதையெல்லாம் ஆறு அதன் வாய்க்குக் கொண்டுவருகிறது. நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, ஒளி வளைவதனால், வெளியுலகம் முழுவதும் 97 பாகை அளவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆற்றின் அடியைப் பிரதிபலிக்கும். பூச்சி அந்தச் சாளரத்தை நோக்கி மிதந்து வருவதை மீன் நிதானமாகப் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் பூச்சியின் அடியிலேயே, மூக்கு உரசும் நெருக்கத்தில், அதோடு சேர்ந்து பின்னோக்கி மிதந்து வந்து சோதிக்கிறது. பிறகு திரும்பித் தன் இடத்துக்குப் போய்விடுகிறது.

எதைச் சோதிக்கிறது? பூச்சியின் நிறமும் வடிவும் ஓரளவு தவறியிருந்தாலும் அது மன்னிக்குமாம். மன்னிக்காதது ஒன்று உண்டு. உயிருள்ள பூச்சி நீரோடு நீராகப் போகும். நம் பூச்சியோ கயிற்றில் கட்டுண்டது. பூச்சி கிடக்கும் நீர் ஒரு வேகத்திலும், இடையே கயிறு கிடக்கும் நீர் வேறு வேகத்திலும் போவதால், கயிறு பூச்சியை ஒரு நூலளவு இழுத்துவிடுகிறது. அந்த இழுப்பை மீன் கண்டுகொள்கிறது. ஆகவேதான் அங்கே படகை மீனுக்கு மேற்புறமாக நிறுத்தி, கயிற்றுக்கு முன்னே பூச்சி போய்ச் சேரும்படி நீரோட்டத்தின் திசையில் வீசுகிறார்கள்.

முதல் நாள் காலை எட்டரை மணியளவில், கரையோரப் புதர்களின்மேல் புகைபோல ஏதோ எழும்பியது. கொசுவினும் சிறிய ஈசல் போன்ற பூச்சிகள்; ஆகஸ்டு மாதக் காலைகளில் இப்படிக் கூட்டம் கூட்டமாக வருமாம். நீருக்கடியில் மாதக்கணக்கில் புழுவாக வாழ்ந்துவிட்டு, சிறகு பெற்றபின் ஒரு நாள்கூட வாழ்வதில்லை. சிறகுள்ள நிலையில் அவற்றுக்கு உண்ண வாயே கிடையாது. இணைந்து, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி நீரில் விழுந்து இறக்கின்றன. அவை விழத் தொடங்கியதும் அதுவரை வெறுமையாகக் கிடந்த ஆறு எங்கும் மழைத்துளி விழுந்ததுபோல வட்டங்கள் எழுந்தன. எல்லாம் மீன்கள்.

ஒரு வளைவில், கரையிலிருந்து இரண்டு முழத்தில், ஒரு மீன் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நங்கூரத்தை இறக்கினார். "அது உனக்கு" என்றார். என் கை கயிற்றுக்குப் பழக அரை மணி நேரமாயிற்று. பிறகு, என் கண்ணுக்கு, பூச்சி சரியான இடத்தில் விழுந்து சரியாகவே மிதந்து போனது. மீன் மேலே வந்தது. பார்த்தது. பூச்சியோடு ஒரு கை தூரம் பின்னால் மிதந்தது. இறங்கிவிட்டது.

"இழுபடுகிறது" என்றார் அண்ணாச்சி.

"இல்லையே, நேராகத்தானே போகிறது?"

"உனக்கு அப்படித் தெரியும். நீ கயிற்றின் இந்த முனையில் இருக்கிறாய்."

மறுபடி வீசினேன். முப்பது முறைக்குக் குறையாது. ஒவ்வொரு முறையும் நேராகப் போவதாகவே எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அது வந்து, பார்த்து, திரும்பியது. பதினொரு மணிக்குப் பூச்சிகள் நின்றன, வட்டங்களும் நின்றன. அன்று பிற்பகல் சலசலவென்று ஓடும் ஒரு சிறு திருப்பத்தில் அண்ணாச்சி எனக்கு ஒரு வானவில் மீனைப் பிடிக்க வைத்தார், சாண் அளவு. அதைக் கணக்கில் சேர்க்க எனக்கே மனமில்லை. கையை நீரில் நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும் என்றார். உலர்ந்த கை பட்டால் அதன் உடலைக் காக்கும் வழவழப்பு உரிந்து பிறகு நோய் பிடிக்குமாம். நனைத்துக்கொண்டு தொட்டேன், முள்ளைக் கழற்றி விட்டேன், போய்விட்டது.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் சேகர கமிட்டியார் அவசியம் வாசிக்க வேண்டியது. மொன்டானாவில் பல ஆண்டுகளாகப் பண்ணையில் வளர்த்த மீன்களை லட்சக்கணக்கில் ஆறுகளில் கொண்டுபோய் விட்டுவந்தார்கள். மாடிசன் ஆற்றில் வின்சென்ட் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் மீன்களை எண்ணிப் பார்த்தார். பண்ணை மீன்களை விடுவதை நிறுத்திய இடத்தில் ஆற்று மீன்கள் பெருகின. விட்ட இடத்தில் குறைந்தன. அதன்பின் 1974 முதல், மீன்கள் தாமாகவே இனம் பெருக்கும் ஆறுகளில் பண்ணை மீன்களை விடுவதையே அந்த மாநிலம் நிறுத்திவிட்டது. நற்செய்திப் பெருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வேன் வைத்து ஆள் கூட்டி வரலாமா என்று அடுத்த முறை பேச்சு வந்தால் இதை நான் நினைவுபடுத்துவேன். நிற்க.

அன்றிரவு அண்ணாச்சி ஒரு புத்தகம் கொடுத்தார். நார்மன் மெக்லீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுபது வயதைக் கடந்த பிறகு, 1976இல் வெளியிட்ட முதல் கதைநூல். அவருடைய தந்தை அதே மொன்டானாவில் மிசூலா நகரத்தில் பிரஸ்பிட்டீரியன் சபைப் போதகர். இரண்டு பிள்ளைகளுக்கும் வேதத்தோடு தூண்டிலையும் கற்றுக்கொடுத்தவர். இளையவன் பால், தூண்டில் வீசுவதில் ஒப்பற்றவன். ஆனால் அவன் வாழ்க்கை தடம் புரண்டது. 1938இல் சிகாகோவில் அடித்துக் கொல்லப்பட்டான். தம்பிக்கு உதவ முடியாமற்போன அண்ணன் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய கதை அது. மீன் பிடிக்கும் கதை என்று நினைத்துத் தொடங்கினேன். விடியற்காலை இரண்டு மணிக்குப் புத்தகத்தை மூடியபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எனக்கு ஒரு தம்பி உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. இந்தச் சேகரத்துக்கு நான் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அவன் ஒருமுறைகூடக் குருமனைக்கு வந்ததில்லை. நான் அவன் வீட்டுக்குப் போனதில்லை. நாங்கள் பேசிக்கொண்டே ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

காரணம் நீங்கள் எல்லா வீட்டிலும் பார்ப்பதுதான். அப்பா கட்டிய ஓட்டு வீடு, பின்னால் ஐம்பது சென்ட் தோட்டம். நான் சேகரம் சேகரமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், அம்மா படுக்கையில் கிடந்த ஆறு ஆண்டுகளும் தம்பியும் அவன் மனைவியுமே பார்த்துக்கொண்டார்கள். அம்மாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், வீடும் தோட்டமும் தனக்கே இருக்கட்டும் என்று அவன் கேட்டான். சட்டப்படி பாதி என்னுடையது என்றேன். அவன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவின் படுக்கையிலும் பாதியை எடுத்துக்கொண்டிருக்கலாமே, அண்ணே" என்றான். நான் கோபப்பட்டேன். ஊழியத்தில் இருந்தவனைக் குற்றப்படுத்துவது தேவனையே குற்றப்படுத்துவது என்ற பொருளில் ஏதோ சொன்னேன். அந்த வாக்கியத்தை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. பாகம் பிரித்தோம். என் பங்காக வந்த இருபத்தைந்து சென்டில் இன்று உடைமரம் மண்டிக் கிடக்கிறது.

இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒப்புரவாகுதலைப் பற்றி நான் பிரசங்கம் செய்யாத ஆண்டு இல்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகும்படி நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கட்டளையிட்டதை மூலமொழியோடு விளக்கியிருக்கிறேன். என் மனசாட்சிக்கு எல்லாம் நேராகவே போய்க்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. நான் சட்டத்தை மீறவில்லை, பொய் சொல்லவில்லை, ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து வந்த என் மகன், ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். திருவிருந்துக்கு எழுந்து வரவில்லை. இரவில் காரணம் கேட்டேன். முதலில் சொல்ல மறுத்தான். பிறகு, "கோபம் இல்லை அப்பா. நீங்கள் கையைக் கூப்பிச் சமாதானம் கொடுக்கிறபோதெல்லாம் எனக்குச் சித்தப்பா நினைவு வருகிறது. சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டேயிருக்கிறேன்" என்றான். அவன் விவரம் அறியாதவன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மொன்டானாவில் அந்த இரவில் எனக்கு முன்னே வந்து நின்றது மகனுடைய அந்தச் சொல்லும், மேலே வந்து பார்த்துவிட்டு இறங்கிப்போன அந்த மீனும்தான். பெருவிழாப் பிரசங்கியார் ஒருவர் வேகமான நீரில் ஊழியம் செய்கிறார். மூன்று இரவு வருகிறார். கேட்பவர்களுக்கு அவரைச் சோதிக்க நேரமில்லை. சேகரப் போதகனுக்கும் தகப்பனுக்கும் கிடைத்திருப்பது மெதுவான நீர். ஏழு ஆண்டுகளாக நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என் மகன் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான், மூக்கு உரசும் நெருக்கத்தில்.

இரண்டாம் நாள் அதே வளைவுக்கே போவோம் என்று நான் கேட்டுக்கொண்டேன். மீன் அதே இடத்தில் இருந்தது. அன்று நான் அதிகம் வீசவில்லை. அண்ணாச்சி படகை இன்னும் சற்று மேலே நிறுத்தி, கயிற்றைத் தளர்வாக விடச் சொன்னார். எட்டாவது வீச்சோ ஒன்பதாவதோ, பூச்சி போனது, மீன் வந்தது, கூடவே மிதந்தது, வாயைத் திறந்தது. வாயின் உட்புற வெண்மையை நான் கண்டேன். கழியைச் சடக்கென்று உயர்த்தினேன்.

பூச்சி வெறுமையாகத் திரும்பி வந்து என் தொப்பியில் சிக்கியது.

"அவசரப்பட்டுவிட்டாய் தம்பி. மெதுவான நீரில் மீன் வாயை மூடி, தலையை இறக்கித் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். வாயைத் திறந்ததுமே இழுத்தால் நீயே அதன் வாயிலிருந்து பிடுங்குகிறாய்." அவர் கடிந்துகொள்ளவில்லை. பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அந்த மீன் அதன்பின் மேலே வரவில்லை. ஆற்றின் நடுவில், முழங்கால்மேல் காப்பியை வைத்துக்கொண்டு, முப்பது ஆண்டு நட்பில் நான் அவரிடம் சொல்லாதிருந்த தம்பியின் காரியத்தைச் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. படகு இறங்குதுறைக்கு வரும்வரை துடுப்பை வலித்துக்கொண்டே கேட்டார். பிறகு படகைக் கட்டிவிட்டு ஜெபித்தார். மிகச் சுருக்கமான ஜெபம்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், ஒரு வழக்கறிஞரிடம் என் பங்கை அவன் பெயருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை எழுதச் செய்து, அதை எடுத்துக்கொண்டு தனியாகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் நின்றான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. "வாங்க ஐயரே" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை. நீங்கள் அழைப்பதைப்போல் அழைத்தான். உள்ளே உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிராது, பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் முதல் பக்கத்தை வாசித்தான். மடித்தான். என் பக்கம் தள்ளிவைத்தான். "இதைக் கொடுக்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டான். அதற்கு என்ன பதில் சொன்னாலும் தவறாகும் என்று எனக்குத் தெரிந்தது. அவன் மனைவி கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பேருந்தில் வரும்போதுதான், மீன் வாயைத் திறந்ததுமே நான் மறுபடியும் கழியை உயர்த்திவிட்டேன் என்பது புரிந்தது.

அந்த வாரம் முழுவதும் யோவான் எழுதின சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில் இருந்தேன். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாத சீஷர்கள், கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். அந்தக் கரிநெருப்புக்கு மூலமொழியில் உள்ள சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று, பேதுரு குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்த அந்த முற்றத்தில். இதைப் பலமுறை போதித்திருக்கிறேன். நான் கவனியாமல் விட்டது அதற்கு அடுத்ததை. பேதுரு கரைக்கு வந்ததும் ஆண்டவர் கேள்வியைத் தொடங்கவில்லை. முதலில் சாப்பிட அழைக்கிறார். அப்பத்தையும் மீனையும் தம் கையால் எடுத்துக் கொடுக்கிறார். அவர்கள் உண்டு முடித்த பின்பே சீமோனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். நடந்த மறுதலிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த மாதம் மறுபடி போனேன், பத்திரம் இல்லாமல். இந்த முறை என் மனைவியும் வந்தாள். நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் பனங்கற்கண்டும் வாங்கிக்கொண்டு போனோம். நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. அம்மா படுத்திருந்த அறையைக் காட்டும்படி கேட்டேன். கட்டில் அப்படியே இருந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், நடு இரவில் தம்பியை எழுப்புவதற்காக அவன் கட்டிவைத்த மணியும் கயிறும் இன்னும் தொங்கின. ஆறு ஆண்டுகள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். "என்னை மன்னித்துக்கொள்" என்று நான் சொன்னபோது அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது, "மழை வரும்போல இருக்கு, சாப்பிட்டுப் போகலாம்" என்றான். மழை வருவதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

அதற்குப்பின் ஐந்து முறை போயிருக்கிறேன். பத்திரம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அவன் கேட்கும்போது கொடுப்பேன். உடைமரங்களை வெட்ட ஆள் வைக்கலாமா என்று சென்ற முறை அவனே பேச்செடுத்தான். இந்த உயிர்ப்பு ஞாயிறுக்கு வந்த என் மகன், மறுநாள் காலையில் தானே வண்டியை எடுத்து என்னை அங்கே அழைத்துப் போனான். திருவிருந்தைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை, இதையெல்லாம் நம் சபையாருக்கு எழுத நினைக்கிறேன், உனக்கு ஆட்சேபம் உண்டா என்று தம்பியிடம் கேட்டேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன வேண்டுமானாலும் எழுதிக்கோ அண்ணே. அந்த விராலை மட்டும் சரியா எழுது" என்றான்.

வாய்க்கால் மதகருகே அந்த விராலைப் பிடித்தவன் என் தம்பி. நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான்.